ஃபயர் பம்ப் டிஸ்சார்ஜ்ல செக் வால்வை எங்க வைக்கணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பம்ப் ரூம் டிராயிங் போடுறவங்க, பைப்பிங் பண்றவங்க, எல்லாம் முடிஞ்ச பிறகு மெயின்டனன்ஸ் பாக்குறவங்க, இந்த மூணு பேருக்கும் வாக்குவாதம் வர்ற இடம் இது. பம்ப், வால்வு, பைப் எல்லாம் சரியான சைஸ்ல நல்ல கம்பெனியா பாத்து வாங்கியிருப்பாங்க, ஆனா எது செக் வால்வுக்கு முன்னாடி வரணும், எது பின்னாடி வரணும்ங்கறதுல கோட்டை விட்டிருப்பாங்க. சைட்ல என்ஆர்வின்னு சொல்றதும் செக் வால்வுன்னு சொல்றதும் ஒரே பொருள்தான், தண்ணிய ஒரே திசைல மட்டும் விட்டு திரும்பி வர விடாத வால்வு, இங்க செக் வால்வுன்னே எழுதுறேன். கீழ உள்ளது பெரும்பாலும் என்.எஃப்.பி.ஏ 20, அதாவது ஃபயர் பம்ப் நிறுவுறதுக்கான அமெரிக்க ஸ்டாண்டர்டை ஒட்டி எழுதினது, உங்க ப்ராஜெக்டுக்கு வேற கோட் பொருந்தும்னா அதுல உள்ளதும் அப்ரூவல் குடுக்குறவங்க சொல்றதும்தான் ஃபைனல்.

பம்ப்ல இருந்து வெளிய வந்தா வரிசை என்ன? முதல்ல அத சொல்லுங்க.

பம்ப் டிஸ்சார்ஜ் ஃபிளாஞ்ச், அதுக்குப் பக்கத்துலயே பிரஷர் கேஜ், பம்ப் வாய் சின்னதா இருந்தா பைப் சைஸுக்குக் கொண்டு வர கான்சென்ட்ரிக் ரிட்யூசர், ரிலீஃப் வால்வு தேவைப்பட்டா அதுக்கான டீ, அப்புறம் செக் வால்வு. செக் வால்வ தாண்டினதும் சென்ஸிங் லைன் (பம்ப் கன்ட்ரோல் பேனலுக்கு சிஸ்டம் பிரஷர காட்டுற சின்ன பைப்) டேப்பிங், டெஸ்ட் ஹெடருக்கு (பம்ப டெஸ்ட் பண்ணும்போது தண்ணிய வெளிய விடுற இடம்) போற டீ, அதுக்கு அப்புறம் டிஸ்சார்ஜ் கன்ட்ரோல் வால்வு (ஐசொலேஷன் வால்வுன்னும் சொல்வாங்க), அதாவது திறந்திருக்கா மூடியிருக்கான்னு வெளியிலிருந்தே தெரியுற கேட் வால்வு இல்லன்னா பட்டர்ஃபிளை வால்வு. அதுக்கப்புறம் சிஸ்டம்.

இந்த வரிசைய மனப்பாடம் பண்றத விட ஒரு விஷயத்த பிடிச்சுக்கிட்டா போதும். பம்ப் நின்னுட்டு இருக்கும்போது செக் வால்வுக்கு இந்தப் பக்கம், அதாவது பம்ப் பக்கம், வெறும் சக்ஷன் (பம்புக்கு தண்ணி உள்ள வர்ற பக்கம்) பிரஷர்தான் இருக்கும், அந்தப் பக்கம் முழு சிஸ்டம் பிரஷர் இருக்கும். ஒவ்வொரு கனெக்‌ஷனையும் எடுத்து, இதுக்கு பம்ப் பிரஷர் வேணுமா சிஸ்டம் பிரஷர் வேணுமான்னு கேட்டீங்கன்னா எந்தப் பக்கம் போடணும்னு தானா தெரிஞ்சிடும். மத்த பதில் எல்லாமே இதுல இருந்துதான் வருது.

செக் வால்வு முதல்ல, ஐசொலேஷன் வால்வு பிறகுன்னு சொல்றீங்க. மாத்திப் போட்டா என்ன ஆகும்? ரெண்டும் ஒரே பைப்ல தானே இருக்கு.

பம்ப் ஓடும், தண்ணி வரும், கமிஷனிங் பாஸ் கூட ஆகலாம். பிரச்சினை வர்றது செக் வால்வ திறக்க வேண்டிய அன்னைக்கு. ஐசொலேஷன் வால்வு பம்ப் பக்கம் இருந்து செக் வால்வு சிஸ்டம் பக்கம் இருந்தா, செக் வால்வு கவர திறக்கணும்னா முழு சிஸ்டத்தையும் ட்ரெயின் பண்ணணும், ரைசர் ஹைட்ரன்ட் ஸ்பிரிங்க்ளர் எல்லாம் காலி, அதுவரைக்கும் கட்டடத்துக்கு பாதுகாப்பே இல்ல. சரியான வரிசைல இருந்தா கன்ட்ரோல் வால்வ மூடு, சக்ஷன் வால்வ மூடு, நடுவுல இருக்குற கொஞ்சம் தண்ணிய வடிச்சிட்டு கவர திற, அவ்வளவுதான். இன்னொரு பம்ப் ஸ்டாண்ட்பைல இருந்தா அது பாட்டுக்கு சிஸ்டத்த பாத்துக்கும்.

சில பேர் ரெண்டு பக்கமும் ஐசொலேஷன் வால்வு போட்டுடலாமேன்னு கேப்பாங்க. செக் வால்வுக்கும் பம்புக்கும் நடுவுல இன்னொரு வால்வு போட்டா அதால பெருசா லாபம் இல்ல, சக்ஷன் வால்வே அந்த வேலைய செஞ்சிடுது. மறந்து மூடி வைக்கறதுக்கு ஒரு வால்வு கூடுதலா கிடைக்கும், அது ஒண்ணுதான் மிச்சம்.

பம்ப் ஃபிளாஞ்ச்ல இருந்து எத்தனை தூரத்துல வைக்கணும்?

அதிகமா கேக்குற கேள்வி இதான். டிஸ்சார்ஜ் செக் வால்வு பம்ப்ல இருந்து இத்தனை மடங்கு டயா தள்ளி இருக்கணும்னு என்.எஃப்.பி.ஏ 20 நம்பர் போட்டு சொல்லல. எல்லாரும் சொல்ற அந்த 10 மடங்கு டயா கணக்கு சக்ஷன் பக்கத்துக்கு உண்டானது. டிஸ்சார்ஜ் பக்கம் வர்ற நம்பர் வால்வு தயாரிப்பாளரோட கேட்டலாக்ல இருந்து வருது, பம்ப் இல்லன்னா எல்போவுக்கு அப்புறம் குறைஞ்சது 5 மடங்கு டயா நேர் பைப் விடுங்கன்னுதான் அதுல பரவலா போட்டிருக்கும். 6 இன்ச் லைன்னா 30 இன்ச், சுமார் 75 செ.மீ.

காரணம் என்னன்னா பம்ப் வாய்ல இருந்து வர்ற தண்ணி சீரா வராது, சுழன்டுகிட்டு ஒரு பக்கம் வேகமா இன்னொரு பக்கம் மெதுவா வரும், அத அப்படியே செக் வால்வு தட்டுல விட்டா தட்டு ஒரே நிலைல நிக்காம ஆடிக்கிட்டே இருக்கும், ஹிஞ்ச் பின் தேயும், டூயல் பிளேட்னா ரெண்டு தட்டும் ஒரே அளவு திறக்காது. வருஷம் முழுக்க நாள் பூரா ஓடுற ப்ராசஸ் பம்ப்ல இது பெரிய தலைவலி. ஃபயர் பம்ப் வாரத்துக்கு சில நிமிஷம் டெஸ்ட்ல ஓடுது, மத்த நேரம் சும்மா நிக்குது, அதனால இடம் இல்லாத பம்ப் ரூம்ல 5 மடங்கு கிடைக்கலன்னு மொத்த டிராயிங்கையும் கிழிச்சுப் போட வேண்டாம்னு நான் சொல்லுவேன். 3 மடங்குதான் கிடைக்குதுன்னா தயாரிப்பாளர்கிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க, இல்லன்னா ஓட்டக் கோளாறால அவ்வளவா பாதிக்கப்படாத ஆக்ஸியல் டைப் சைலன்ட் செக் வால்வ பாருங்க.

அதே சமயம் ரொம்ப தள்ளி வைக்கறதும் சரியில்ல. பம்ப் ரூம்ல இடம் இல்லன்னு ரைசர்ல மேல எங்கயோ கொண்டு போய் வச்சா, பம்ப் நின்னதும் செக் வால்வுக்குக் கீழ இருக்குற தண்ணி பூரா பம்ப் வழியா திரும்பி ஓடப் பாக்கும். டெஸ்ட் ஹெடர், சென்ஸிங் லைன் எல்லாம் செக் வால்வுக்கு அப்புறம்தான் எடுக்கணும், அதுங்களும் பின்னாடியே மாடி ஏற வேண்டி வரும். பம்ப் ரூமுக்குள்ளயே, கை எட்டுற உயரத்துல, கவர கழட்டி தட்ட வெளிய எடுக்க மேல இடம் விட்டு வைங்க.

செங்குத்தா போற பைப்ல போடலாமா?

தண்ணி மேல் நோக்கி போற பைப்னா போடலாம், வால்வு அதுக்கு ஏத்ததா லிஸ்டிங்ல (டெஸ்ட் பண்ணி ஏத்துக்கிட்ட லிஸ்ட்ல) இருக்கான்னு பாத்துக்கணும். கீழ் நோக்கி போற பைப்ல ஸ்விங் டைப் (தட்டு கதவு மாதிரி ஹிஞ்ச்ல ஆடுறது) கூடவே கூடாது, தட்டு தன் எடைக்கே திறந்து தொங்கும். படுக்கை பைப்ல ஸ்விங் செக் வால்வு போட்டா கவர் மேல பாத்து இருக்கணும், இடிக்குதுன்னு சாய்ச்சு வைக்கக் கூடாது. வேஃபர் டூயல் பிளேட்ட (ரெண்டு ஃபிளாஞ்சுக்கு நடுவுல வச்சு இறுக்குற ரெண்டு தட்டு வால்வு) படுக்கை பைப்ல போடும்போது நடு பின் செங்குத்தா நிக்கணும், போல்ட் ஓட்டைக்கு வசதியா இருக்குன்னு படுக்கையா திருப்பி மாட்டிடுறாங்க, அப்படி மாட்டினா மேல் தட்டும் கீழ் தட்டும் ஒரே மாதிரி மூடாது.

செக் வால்வோட பட்டர்ஃபிளை வால்வ ஒட்டியே மாட்டலாமா?

மாட்டாதீங்க. செக் வால்வு தட்டு திறக்கும்போது அந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு வரும், பட்டர்ஃபிளை டிஸ்க் திறக்கும்போது இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு வரும், ரெண்டும் இடிச்சுக்கும். ஒண்ணு பட்டர்ஃபிளை முழுசா திறக்காது, இல்ல செக் வால்வு முழுசா திறக்காது. நடுவுல ஒரு ஸ்பூல் பீஸ் வேணும். டெஸ்ட் ஹெடர் டீயும் அங்கதான் வரணும்ங்கறதால இந்த இடைவெளி தானாவே கிடைச்சிடும்.

பேனலுக்குப் போற சென்ஸிங் லைன எங்க எடுக்கணும்?

செக் வால்வுக்கும் டிஸ்சார்ஜ் கன்ட்ரோல் வால்வுக்கும் நடுவுல. இதுல பேரத்துக்கு இடமே கிடையாது.

செக் வால்வுக்கு முன்னாடி, பம்ப் பக்கம் எடுத்தா என்ன ஆகும்னு பாருங்க. சிஸ்டம்ல 10 பார் நிக்குது, ஆனா பம்ப் நிக்குறதால கேஸிங்ல சக்ஷன் பிரஷர் மட்டும்தான், அரை பாரோ ஒரு பாரோ. பேனல் அதப் பாத்து பிரஷர் விழுந்துடுச்சுன்னு பம்ப ஸ்டார்ட் பண்ணும். ஸ்டார்ட் ஆன உடனே கேஸிங்ல பிரஷர் ஏறும், பேனலுக்கு திருப்தி ஆயிடும். ஆட்டோ ஸ்டாப் வச்சிருந்தா நிறுத்தும், நின்ன உடனே மறுபடி பிரஷர் விழும், மறுபடி ஸ்டார்ட். இத பேனல் கோளாறுன்னு நெனச்சு பிரஷர் சுவிட்ச மாத்தி, போர்ட மாத்தி, கடைசில டேப்பிங் தப்பான பக்கம் இருக்குன்னு கண்டுபிடிச்ச கதைகள் இந்த ஃபீல்டுல நிறைய உண்டு.

கன்ட்ரோல் வால்வுக்கு அப்புறம் எடுத்தா வேற மாதிரி ஆபத்து. யாராவது கன்ட்ரோல் வால்வ மூடி வச்சா, பம்ப் உள்ள முழு பிரஷர் கட்டிக்கிட்டு ஓடிக்கிட்டே இருக்கும், பேனலுக்கு அது தெரியவே தெரியாது.

லைன் அரை இன்ச், துருப்பிடிக்காத பைப், ஒவ்வொரு பம்புக்கும் தனித்தனி, ஜாக்கிக்கும், அதாவது சிஸ்டம் பிரஷர் குறையாம பிடிச்சு வைக்கிற சின்ன பம்புக்கும், தனி. நடுவுல மூடுற வால்வு எதுவும் இருக்கக் கூடாது. சின்ன செக் வால்வு ரெண்டு, குறைஞ்சது 5 அடி இடைவெளில, தட்டுல 3/32 இன்ச் ஓட்டை போட்டு வைக்கச் சொல்றாங்க. அந்த ஓட்டை எதுக்குன்னா பெரிய செக் வால்வு மூடும்போது வர்ற பிரஷர் துள்ளல் நேரா பேனல் சென்ஸார தாக்காம அடங்கிப் போகணும்னுதான். கடையில வாங்கின செக் வால்வ ஓட்டை போடாம அப்படியே மாட்டிட்டா ஒரு பக்கம் பிரஷர் அடைஞ்சு நின்னுடும், பேனல் சிஸ்டத்துல நடக்குறத பாக்காம பைப்ல அடைஞ்சு கிடக்குறத பாத்துக்கிட்டு இருக்கும்.

ஜாக்கி பம்ப் லைன எங்க சேக்கணும்?

மெயின் பம்ப் செக் வால்வுக்கு அப்புறம், சிஸ்டம் பக்கம், முடிஞ்சா மெயின் கன்ட்ரோல் வால்வையும் தாண்டி. ஜாக்கிக்கு தனி செக் வால்வு, தனி ஐசொலேஷன் வால்வு. மெயின் செக் வால்வுக்கு முன்னாடி சேத்தா ஜாக்கி தள்ளுற தண்ணி அப்படியே மெயின் பம்ப் கேஸிங் வழியா டேங்குக்குத் திரும்பிப் போயிடும், பிரஷரே ஏறாது.

ரிலீஃப் வால்வு ரெண்டு இருக்கே, அது எந்தப் பக்கம்?

ரெண்டுமே பம்ப் பக்கம், செக் வால்வுக்கு முன்னாடி.

சின்னது, சர்க்குலேஷன் ரிலீஃப், பம்ப் சூடாகாம இருக்க. 2500 ஜிபிஎம் (நிமிஷத்துக்கு கேலன்) வரைக்கும் உள்ள பம்புக்கு 3/4 இன்ச், 3000ல இருந்து 5000 வரைக்கும் 1 இன்ச். டீசல் இன்ஜின் கூலிங்குக்கு பம்ப் டிஸ்சார்ஜ்ல இருந்தே தண்ணி எடுத்தா இது வேண்டாம், ஏன்னா அந்தத் தண்ணி ஓட்டமே பம்பையும் குளிர வச்சிடும். இத சிஸ்டம் பக்கம் வச்சா என்ன தப்புன்னு கேட்டா, பம்ப் சர்ன்ல, அதாவது தண்ணி எங்கயும் போகாம சும்மா ஓடும்போது, ஜாக்கி ஏத்தி வச்ச சிஸ்டம் பிரஷரும் பம்ப் பிரஷரும் கிட்டத்தட்ட சமமா இருக்கும், செக் வால்வு திறக்கவே திறக்காம போகலாம். அப்போ கேஸிங்ல இருக்குற அதே தண்ணி சுத்திச் சுத்தி கொதிக்க ஆரம்பிக்கும், செக் வால்வுக்கு அந்தப் பக்கம் இருக்குற ரிலீஃப் எத்தனை திறந்தாலும் கேஸிங்க குளிர வைக்காது. அதுக்கும் மேல, அந்த ரிலீஃப் கொஞ்சம் ஒழுகினாலும் ஜாக்கி அடிக்கடி ஓடும்.

பெரியது, மெயின் ரிலீஃப், டீசல் பம்ப் ஓவர் ஸ்பீட் ஆனா வர்ற பிரஷருக்காக. சர்ன் பிரஷரோட 121 சதவீதத்தையும் சக்ஷன்ல வரக்கூடிய அதிகபட்ச ஸ்டாட்டிக் பிரஷரையும் கூட்டிப் பாருங்க, அது சிஸ்டத்துல இருக்குற ஐட்டங்களோட ரேட்டிங்க தாண்டினாதான் இது தேவை. தாண்டலன்னா போடாதீங்க, ஃபயர் பம்ப் டிசைன் தப்ப மறைக்க ரிலீஃப் வால்வு மாட்டுற பழக்கம் நல்ல பழக்கம் இல்ல.

டெஸ்ட் ஹெடர்?

செக் வால்வுக்கும் கன்ட்ரோல் வால்வுக்கும் நடுவுல. கன்ட்ரோல் வால்வ மூடிட்டு சிஸ்டத்துக்கு எந்த அதிர்ச்சியும் இல்லாம பம்ப 150 சதவீத ஓட்டம் வரைக்கும் டெஸ்ட் பண்ணலாம், தண்ணி செக் வால்வு வழியாவே போறதால அது முழுசா திறக்குதான்னும் அதே டெஸ்ட்ல தெரிஞ்சிடும். டெஸ்ட் ஹெடர செக் வால்வுக்கு முன்னாடி எடுத்த இடங்கள்ல வருஷா வருஷம் பம்ப் டெஸ்ட் பாஸ் ஆகும், செக் வால்வு தட்டு துருப்பிடிச்சு பாதியில நிக்குறது யாருக்கும் தெரியாது. தீயணைப்பு வண்டி கனெக்‌ஷன் கன்ட்ரோல் வால்வுக்கு அந்தப் பக்கம் வரணும், அப்பதான் பம்ப் ரூம மொத்தமா மூடி வச்சிருந்தாலும் வண்டியில இருந்து சிஸ்டத்துக்கு தண்ணி ஏத்தலாம்.

எலக்ட்ரிக் ஒண்ணு, டீசல் ஒண்ணு, ரெண்டும் ஒரே ஹெடர்ல சேருது. ஹெடருக்கு அப்புறம் ஒரே ஒரு பெரிய செக் வால்வு போதுமா?

போதாது. ஒவ்வொரு பம்புக்கும் ஹெடர்ல சேர்றதுக்கு முன்னாடி தனி செக் வால்வு. பொதுவா ஒண்ணு மட்டும் போட்டா, எலக்ட்ரிக் பம்ப் தள்ளுற தண்ணிக்கு நின்னுட்டு இருக்குற டீசல் பம்ப் வழியா டேங்குக்குத் திரும்புற பாதைதான் ரொம்ப சுலபம். சிஸ்டத்துக்குப் போக வேண்டியது டேங்குக்குப் போகும், டீசல் பம்ப் இம்பெல்லர் பின்பக்கமா சுத்தும், அந்த நேரத்துல டீசல் ஸ்டார்ட் கமாண்ட் வந்தா பின்னாடி சுத்துற ஷாஃப்ட்ட முன்னாடி இழுக்கணும், கப்ளிங்குக்கோ ஷாஃப்ட்டுக்கோ அது நல்லதில்ல. மோட்டார்னா ஸ்டார்ட்டிங் கரன்ட் நீண்ட நேரம் இழுக்கும்.

சப்ளைல ஏற்கனவே நல்ல பிரஷர் இருக்கு, பம்புக்கு பைபாஸ் போட்டிருக்கோம். அதுல செக் வால்வு வேணுமா?

கண்டிப்பா வேணும், சக்ஷன்ல இருந்து டிஸ்சார்ஜ் பக்கம் மட்டும் போற மாதிரி. இல்லன்னா பம்ப் தள்ளுறது பைபாஸ்ல சுத்தி மறுபடி சக்ஷனுக்கே வந்துடும். பைபாஸோட ரெண்டு பக்க ஐசொலேஷன் வால்வும் எப்பவும் திறந்தே இருக்கணும். பம்ப் செக் வால்வுக்கும் கன்ட்ரோல் வால்வுக்கும் அப்புறம்தான் பைபாஸ் சேரணும், அப்பதான் பம்ப கழட்டினாலும் சப்ளை பிரஷர் சிஸ்டத்துக்குப் போகும்.

பம்ப் நிறுத்தும்போது டமார்னு சத்தம், பைப் சப்போர்ட் எல்லாம் ஆடுது. இடத்த மாத்தினா சரியாகுமா?

பெரும்பாலும் இடத்தோட பிரச்சினை இல்ல, வால்வு மூடுற வேகத்தோட பிரச்சினை. பம்ப் நின்னதும் தண்ணி முதல்ல மெதுவாகும், நிக்கும், அப்புறம் பின்னாடி திரும்பும். தண்ணி நிக்குற அந்த நொடியிலயே தட்டு மூடிட்டா சத்தமே வராது. சாதாரண ஸ்விங் தட்டு கனமானது, ரொம்ப தூரம் சுத்தி வந்து மூடணும், அது வந்து சேர்றதுக்குள்ள தண்ணி பின்னாடி வேகம் பிடிச்சிடும், ஓடுற தண்ணி முகத்துல கதவ அறைஞ்சு சாத்தின மாதிரி அடிக்கும்.

அடி எவ்வளவு பலமா இருக்கும்னு கணக்கு சுலபம். ஸ்டீல் பைப்ல பிரஷர் அலை வினாடிக்கு சுமார் 1200 மீட்டர் வேகத்துல போகும், பின்னாடி ஓடுற தண்ணி வினாடிக்கு 1 மீட்டர் வேகத்துல இருக்கும்போது திடீர்னு நிறுத்தினா பிரஷர் சுமார் 12 பார் கூடும். அரை மீட்டர்னா 6 பார். ஏற்கனவே நிக்குற பிரஷருக்கு மேல இது, அதனால பைப் கப்ளிங், கேஸ்கெட், கேஜ் எல்லாம் எதுக்கு அடிக்கடி போகுதுன்னு புரியும்.

உயரமான கட்டடத்துல இது மோசமா வரும், மேல நிக்குற தண்ணி கம்பம் உடனே கீழ தள்ளும். அதவிட மோசம் ரெண்டு பம்ப் சேந்து ஓடும்போது ஒண்ணு மட்டும் ட்ரிப் ஆகுறது, ஏன்னா ஹெடர்ல இன்னொரு பம்ப் பிரஷர் அப்படியே இருக்கும், ட்ரிப் ஆன பம்ப் லைன்ல தண்ணி கண் மூடி திறக்குறதுக்குள்ள திரும்பிடும். இந்த மாதிரி இடத்துக்கு வாட்டர் ஹேமர் அடக்குற லிஸ்டட் செக் வால்வு போடச் சொல்லி என்.எஃப்.பி.ஏ 20 விளக்கக் குறிப்புலயே இருக்கு. ஸ்பிரிங் வச்ச சைலன்ட் டைப்ல தட்டு கொஞ்ச தூரம்தான் நகருது, ஸ்பிரிங் தள்ளி மூடுது, அதனால தண்ணி திரும்புறதுக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிடும். விலையா அதுல பிரஷர் லாஸ் கொஞ்சம் கூட. பம்ப் ரேட்டிங் ஃபிளாஞ்ச் வரைக்கும்தான், செக் வால்வு லாஸ் உங்க ஹைட்ராலிக் கால்குலேஷன்ல வரணும், அத விட்டுடாதீங்க.

பிரஷர் ரேட்டிங் எப்படி பாக்கறது? பம்ப் 10 பார், பிஎன் 16 வால்வு போதும் தானே?

பம்ப் மேல எழுதியிருக்குற 10 பார் ரேட்டட் ஓட்டத்துல வர்றது. சர்ன்ல அது 140 சதவீதம் வரைக்கும் போகலாம்னு ஸ்டாண்டர்டே அனுமதிக்குது, அப்போ 14 பார். சக்ஷன்ல 2 பார் வருதுன்னா 16 ஆச்சு, ரேட்டிங்கோட விளிம்புல நிக்கிறீங்க. இதுல டீசல் ஓவர் ஸ்பீட், ஸ்லாம் (செக் வால்வு அறைஞ்சு மூடுற அடி) எதையும் சேக்கல. உங்க பம்போட நிஜ கர்வ வாங்கிப் பாத்து முடிவு பண்ணுங்க, சந்தேகம் இருந்தா அடுத்த ரேட்டிங்குக்குப் போங்க. வால்வு ஃபயர் சர்வீஸுக்கு லிஸ்ட் ஆனதா இருக்கணும், யுஎல் (அமெரிக்க டெஸ்டிங் நிறுவனம்) பக்கம் செக் வால்வுக்கான ஸ்டாண்டர்ட் யுஎல் 312.

செக் வால்வு சைஸ் பம்ப் வாய் சைஸா, பைப் சைஸா?

பைப் சைஸ். 1000 ஜிபிஎம் பம்புக்கு டிஸ்சார்ஜ் 6 இன்ச், 1500க்கு 8 இன்ச்னு டேபிள் இருக்கு, 150 சதவீத ஓட்டத்துல வினாடிக்கு 20 அடிக்கு மேல வேகம் போகாம இருக்க. பெருசா இருந்தா நல்லதுதானேன்னு இன்னும் ஒரு சைஸ் ஏத்தாதீங்க, குறைஞ்ச ஓட்டத்துல தட்டு முழுசா திறக்காம ஆடிக்கிட்டு இருக்கும்.

வெர்டிகல் டர்பைன் பம்புக்கும் இதே தானா?

வரிசை இதேதான், கூட ஒரு ஏர் ரிலீஸ் வால்வு. பம்ப் நின்னதும் காலம் பைப்ல (பம்ப தண்ணிக்குள்ள தொங்க விட்டிருக்குற செங்குத்து பைப்) தண்ணி கீழ இறங்கிடும், அந்த இடத்துல காத்து நிக்கும். அடுத்த தடவ ஸ்டார்ட் ஆகும்போது அந்தக் காத்து முழுக்க செக் வால்வுக்கு முன்னாடி மாட்டிக்கும், வெளிய போக வழி வேணும். அதனால பம்புக்கும் செக் வால்வுக்கும் நடுவுல இருக்குற உச்சியான இடத்துல குறைஞ்சது ஒன்றரை இன்ச் ஏர் ரிலீஸ். செக் வால்வுக்கு அந்தப் பக்கம் வச்சா பிரயோஜனமே இல்ல.

எங்களது நெகட்டிவ் சக்ஷன், கீழ ஃபுட் வால்வு இருக்கு. அப்புறம் டிஸ்சார்ஜ்ல இன்னொண்ணு எதுக்கு?

முதல்ல, ஹாரிசான்டல் பம்ப வச்சு கீழ இருந்து உறிஞ்சுற ஏற்பாட்ட என்.எஃப்.பி.ஏ 20 ஏத்துக்கறதில்ல, அந்த மாதிரி இடத்துக்கு வெர்டிகல் டர்பைன்தான் சொல்லுது. வேற கோட்ல அனுமதி இருந்து பிரைமிங் டேங்க் (பம்பையும் சக்ஷன் பைப்பையும் தண்ணியால நிரப்பி வைக்கிற டேங்க்) வச்சு ஓட்டுறீங்கன்னா, ஃபுட் வால்வோட வேலை சக்ஷன் பைப்ல தண்ணிய பிடிச்சு வைக்கறது மட்டும்தான். டிஸ்சார்ஜ் செக் வால்வு இல்லன்னா முழு சிஸ்டம் பிரஷரும் எப்பவும் பம்ப் கேஸிங், கிளாண்ட், சக்ஷன் பைப் மேல உக்காந்திருக்கும், பிரைமிங் டேங்க் லைன்ல இருக்குற செக் வால்வு கொஞ்சம் விட்டாலும் பிரைமிங் டேங்க் நிரம்பி வழியும். பிரைமிங் டேங்க் வழியுதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது டிஸ்சார்ஜ் செக் வால்வ.

சக்ஷன்லயும் ஒண்ணு போடலாமா?

தேவையில்லாம போடாதீங்க. சப்ளை பாதுகாப்புக்காக பேக்ஃபுளோ பிரிவென்டர் (தண்ணி சப்ளைக்குள்ள திரும்பாம தடுக்குறது) கட்டாயம்னு அதாரிட்டி சொன்னா, பம்ப் சக்ஷன் ஃபிளாஞ்ச்ல இருந்து குறைஞ்சது 10 மடங்கு டயா தள்ளி.

ஜாக்கி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஓடுது. எங்கயும் லீக் இல்ல, தரை காஞ்சிருக்கு. என்னவா இருக்கும்?

மெயின் பம்ப் செக் வால்வு பாஸ் ஆகுதான்னு, அதாவது மூடியிருந்தும் பின்பக்கமா தண்ணிய விடுதான்னு பாருங்க. ஜாக்கி ஏத்துற தண்ணி ஹெடருக்குப் போய், பாஸ் ஆகுற செக் வால்வு வழியா மெயின் பம்ப் கேஸிங்குக்கு வந்து, சக்ஷன் வழியா டேங்குக்கே திரும்புது. டேங்க் மட்டம் குறையாது, தரையில ஒரு சொட்டு ஈரம் இருக்காது, அதனாலதான் தேடுறவங்க பைத்தியம் பிடிச்சு மண்ணுக்குள்ள பதிச்ச பைப்ப எல்லாம் தோண்டுறாங்க.

கண்டுபிடிக்கிறது இப்படி. சிஸ்டம் கொஞ்ச நேரம் வேலை செய்யாதுன்னு சொல்ல வேண்டியவங்களுக்கு சொல்லிட்டு அந்த பம்ப் பேனல ஆஃப்ல போடுங்க, இது முக்கியம், ஏன்னா அடுத்து சக்ஷன் வால்வ மூடப் போறீங்க, அந்த நேரத்துல பம்ப் ஸ்டார்ட் ஆனா தண்ணி இல்லாம ஓடும். சக்ஷன் வால்வ மூடிட்டு கேஸிங் ட்ரெயின திறங்க. உள்ள இருந்த தண்ணி வடிஞ்சு நின்னுடுச்சுன்னா செக் வால்வு நல்லா இருக்கு. நிக்காம வேகமா வந்துக்கிட்டே இருந்தா, டிஸ்சார்ஜ் கன்ட்ரோல் வால்வையும் மூடிப் பாருங்க. ஜாக்கி லைன் அதுக்கு அந்தப் பக்கம் சேந்திருந்து, இப்போ தண்ணி நின்னுடுச்சுன்னா செக் வால்வுதான். அப்பவும் மெதுவா வருதுன்னா சக்ஷன் வால்வு சரியா மூடல. பம்ப் ரெண்டு இருந்தா ஒவ்வொண்ணா பண்ணுங்க, ரெண்டையும் சேத்து ஆஃப் பண்ணாதீங்க. முடிஞ்சதும் சக்ஷன முழுசா திறந்து, காத்த வெளிய விட்டு, கன்ட்ரோல் வால்வ திறந்து, பேனல ஆட்டோல போட்டுட்டு வாங்க.

புது சிஸ்டம்ல செக் வால்வு பாஸ் ஆனா வால்வு மேல பழி போடுறதுக்கு முன்னாடி கவர திறந்து பாருங்க. வெல்டிங் ராடு துண்டு, கல், கிழிஞ்ச கேஸ்கெட், இதுல ஏதாவது ஒண்ணு சீட்ல உக்காந்திருக்கும். ஃபிளஷிங் ஒழுங்கா பண்ணாத சைட்ல இதான் வாடிக்கை.

எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவ திறந்து பாக்கணும்?

என்.எஃப்.பி.ஏ 25 (மெயின்டனன்ஸுக்கான ஸ்டாண்டர்ட்) படி 5 வருஷத்துக்கு ஒரு தடவ உள்பக்கம் திறந்து பாக்கணும். தட்டு தடையில்லாம ஆடுதா, சீட் ரப்பர் கிழிஞ்சிருக்கா, ஹிஞ்ச் பின் தேஞ்சிருக்கா. வேஃபர் டைப்னா திறக்க கவர் கிடையாது, முழுசா கழட்டி எடுக்கணும். டிசைன் ஸ்டேஜ்லயே மெயின்டனன்ஸ் ஆளுங்கள கேட்டா ஏன் கவர் வச்ச வால்வ விரும்புறாங்கன்னு தெரியும். நடுவுல இருக்குற வாராந்திர டெஸ்ட்லயும் ஒரு வேலை சும்மா செய்யலாம், பம்ப் நிறுத்தினதும் கப்ளிங்க பாருங்க. சுத்தி மெதுவாகி நின்னா சரி. நின்னுட்டு பின்பக்கமா சுத்த ஆரம்பிச்சா செக் வால்வு மூடல.

அம்புக்குறிய தப்பு திசைல மாட்டிட்டாங்க. எப்படி தெரியும்?

டெஸ்ட் ஹெடர திறந்தா தண்ணி வராது, பம்ப் கேஜ்ல சர்ன் பிரஷர் காட்டிக்கிட்டே இருக்கும். ஜாக்கியும் பிரஷர பிடிக்காது, ஏன்னா திருப்பி மாட்டின வால்வு சிஸ்டத்துல இருந்து டேங்குக்குப் போற பாதைய திறந்து வச்சிருக்கும். பம்ப நிறுத்தி, லைன வடிச்சு, திருப்பி மாட்டணும், வேற வழி கிடையாது. பெயின்ட் அடிக்கும்போது வால்வு பாடில இருக்குற அம்புக்குறிய மறைச்சுடாதீங்க.